நாற்காலிக் கேள்வி

என் மனைவிக்கு அவள் கம்பெனியில் வைத்த பெயர் சல்லடை. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் சல்லடை. அவளுக்கும் அது தெரியும். வெளியே முறைப்பாள், உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். பித்தளையில் தண்ணீர்க் குழாய் செய்கிற கம்பெனி அது. கேட்டில் நிற்கிற காவலாளி முதல் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிற மேனேஜர் வரை, யாரை எடுப்பது, யாரை மேலே ஏற்றுவது என்று சலித்துச் சலித்து எடுத்தவள் அவள்தான்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பார்வை பார்க்க வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்தால், தெரியாத எழுத்தைக்கூடத் தெரிந்த மாதிரி அடித்துவிடுவார்கள். தப்பாகச் சொன்னால் நஷ்டம் அவர்கள் கண்ணுக்குத்தான். இருந்தாலும் ஃபெயிலாக யாருக்கும் மனசு வராது. கண்ணுக்கே இப்படி என்றால் பதவிக்கு எவ்வளவு அளப்பார்கள்! அந்த அளப்புக்கு நடுவே உண்மையைக் கறக்க என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

யாரையும் அவரவரைப் பற்றிக் கேட்க மாட்டாள். ஒரு இடம் காலியானால் அந்தப் பிரிவு ஆட்களை ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிடுவாள். டீ கொடுப்பாள். பிள்ளைகள் படிப்பு, வீட்டுக்காரர் முதுகுவலி என்று ஊர்க்கதை பேசுவாள். எழுந்து போகிற நேரத்தில் ஒன்றே ஒன்று கேட்பாள்: "நாளைக்கு நீங்க லீவு போட்டா, உங்க நாற்காலியில யாரை உட்கார வெச்சா நிம்மதியா வீட்ல தூங்குவீங்க?" அவ்வளவுதான். சொன்ன பெயரை எழுதிக்கொள்ள மாட்டாள், மனசில் போட்டுக்கொள்வாள்.

"தன்னைப் பத்திக் கேட்டா எல்லாரும் கதை விடுவாங்க. தன் நாற்காலியைப் பத்திக் கேட்டா விட முடியாது. திரும்பி வந்து குப்பையை அள்ளப் போறது அவங்கதானே" என்று எனக்கு விளக்கம் சொல்வாள். கம்பெனியில் அதற்கு நாற்காலிக் கேள்வி என்றே பெயர் விழுந்துவிட்டது. அதில் தேறி மேலே போனவர்களில் சோடை போனவர் என்று எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. நான் கூடக் கேலி செய்வேன்: "நீ லீவு போட்டா உன் அடுப்படியில யாரைம்மா உட்கார வைப்பே?" "உங்களை வெச்சா வீடு நாறிடும்" என்பாள்.

அவளுக்கு ஒரு தம்பி. ரொம்பச் சின்னவன். அம்மா போன பிறகு அவள்தான் அவனுக்குத் தலை வாரிவிட்டவள். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொன்னபோதே, "தம்பியும் என்னோடதான் வருவான், இஷ்டம் இருந்தா மேற்கொண்டு பேசலாம்" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள். எனக்கும் அது பிடித்துத்தான் போயிற்று. என் கடை வாசலில் பழைய லென்ஸை வைத்து வெயிலில் காகிதம் கொளுத்தி விளையாடி வளர்ந்தவன் என் மைத்துனன். படிப்பு ஏறவில்லை, நெருப்புப் பிடித்திருந்தது. அவளே அவனைக் கம்பெனி உலைக்களத்தில் எடுபிடியாகச் சேர்த்துவிட்டாள்.

சேர்த்த அன்றே ஒரு சட்டம் போட்டாள். "கேட்டுக்கு வெளிய நான் உனக்கு அக்கா. உள்ள மேடம். மறந்துகூட மாத்திக் கூப்பிடக் கூடாது." அவன் அதைச் சிரித்துக்கொண்டே கடைசிவரை காப்பாற்றினான். காலையில் எங்கள் வீட்டில் அவள் தட்டிலிருந்தே எடுத்துத் தின்பான். கேட்டைத் தாண்டியதும் "வணக்கம் மேடம்" என்று விறைப்பாக நிற்பான். அவளோ வரவேற்பறையில் அவனைக் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள். எல்லோருக்கும் சம்பளம் ஏறிய பிறகு கடைசி ஆளாக அவனுக்கு ஏறும். தன் ரத்தத்தைத் தூக்கிவிட்டாள் என்று ஒருவர் வாயிலும் வரக் கூடாது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு வெறி. பித்தளையை உருக்கி அச்சில் ஊற்றுகிற வார்ப்புப் பிரிவுக்கு அவன் தலைவனானதுகூட, இவள் வயிற்று ஆபரேஷனுக்காக லீவில் கிடந்த சமயம் பார்த்து முதலாளியே போட்ட உத்தரவு. செய்தி கேட்டு, தையல் பிரிக்காத வயிற்றோடு எழுந்து உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் இல்லை, பயத்தில்.

அவனுக்குக் கம்பெனியில் எதிர்க்கட்சி என்று பெயர். எந்தக் கூட்டத்திலும் முதலாளி வாயைத் திறந்தால் இவன் கையைத் தூக்குவான். "அது சரிப்படாதுங்க சார்" என்று ஆரம்பிப்பான். தொண்டை கட்டுகிற வரை வாதாடுவான். தோற்றுப்போனால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, எது வேண்டாம் என்றானோ அதையே எல்லோருக்கும் முந்திக்கொண்டு செய்து முடிப்பான். ஒருமுறை, சரக்கு ஏற்றிய லாரியைக் கேட்டிலேயே மறித்து நின்றான். குழாய்களில் ஊசித் துளை இருக்கிறது, போகக் கூடாது என்றான். அந்தச் சரக்கைத் தேற்றி அனுப்பியது சோதனைப் பிரிவுத் தலைவி, செக்கிங் அம்மா என்று சொல்வார்கள். அவ்வளவு பேர் முன்னால் அந்த அம்மாவைப் பார்த்து, "கண்ணை வீட்ல வெச்சுட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டான். துளை இருந்தது உண்மை. ஆனால் அந்த அம்மா அதன் பிறகு அவன் நின்ற பக்கம்கூடத் திரும்பவில்லை. நாக்கில் அவனுக்கு எப்போதும் நெருப்புத்தான். நானே பலமுறை திட்டியிருக்கிறேன்.

முதலாளிக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். மகளுக்குக் கம்பெனியில் அக்கறை இல்லை. அவர் என் மனைவியை வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இனிமே ஒரு ஆள் நிர்வாகம் வேண்டாம்மா. அஞ்சு பேர் சேர்ந்து நடத்தட்டும். அந்த அஞ்சு பேர் யாருன்னு நீ சலிச்சுக் கொடு. நான் கேள்வி கேட்காம கையெழுத்துப் போடறேன்."

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் அதைச் சொன்னாள். முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. எத்தனையோ பேருக்கு வாழ்க்கை கொடுத்த கம்பெனியின் தலையெழுத்தையே அவள் கையில் கொடுத்திருக்கிறார். மறுநாளே வேலையை ஆரம்பித்தாள். எல்லாப் பிரிவுத் தலைவர்களையும், அவர்களுக்கு அடுத்த படியில் இருந்தவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். அதே டீ, அதே ஊர்க்கதை, கடைசியில் அதே கேள்வி. நாற்காலியை மட்டும் மாற்றிக்கொண்டாள்: "முதலாளி நாற்காலி காலியா இருந்தா, யார் உட்கார்ந்தா நீங்க நிம்மதியாத் தூங்குவீங்க?"

முதல் நாள் மாலையே முகம் தொங்கிப்போய் வந்தாள். நான் கடையை அடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன்.

"என்னாச்சு?"

"மெஷின் செக்ஷன் தம்பியைச் சொன்னாரு. முலாம் செக்ஷனும் தம்பியைத்தான் சொன்னாரு. ஸ்டோர்காரரும் அதையேதான்."

"நல்லதுதானே."

"என்ன நல்லது? எனக்கு ஐஸ் வைக்கறாங்க. யாரை எடுக்கறதுங்கறது என் கையில இருக்குன்னு தெரியும். தம்பி பேரைச் சொன்னா எனக்குக் குளுகுளுன்னு இருக்கும்னு கணக்குப் போடறாங்க."

அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதைதான். வருகிறவர் எல்லாம் அவன் பெயரையே சொன்னார்கள். கணக்குப் பிரிவில் ஒருவர், பாலிஷ் பிரிவில் ஒருவர். செக்கிங் அம்மாகூட, டீயைத் தொடாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, "உங்க தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறாள். ஒவ்வொரு முறை அந்தப் பெயர் விழும்போதும் என் மனைவிக்கு உடம்பு கூசியிருக்கிறது. இவ்வளவு காலம் கட்டிக்காத்த சல்லடையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று புலம்பினாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஏம்மா, என் கடையில பத்துப் பேர் வந்து பலகையில அதே எழுத்தைப் படிச்சா, அங்க அந்த எழுத்துதான் இருக்குன்னு அர்த்தம். எல்லாரும் சேர்ந்து எனக்கு ஐஸ் வைக்கறாங்கன்னா அர்த்தம்?"

அவள் சட்டென்று திருப்பினாள். "வரிசையில முன்னாடி உட்கார்ந்திருக்கறவர் படிக்கறதைக் கேட்டு மனப்பாடம் பண்ணிச் சொல்ற ஆளுங்களைப் பத்தி நீங்கதானே கதை கதையாச் சொல்லுவீங்க?"

அப்படி ஆட்கள் நிஜமாகவே வருகிறார்கள்.

தம்பியையும் கேட்டிருக்கிறாள். எல்லோரையும் கேட்டுவிட்டு அவனை மட்டும் விட முடியாதே. அவன் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நீங்கதான் மேடம்" என்றானாம். "கிண்டலா?" என்று கேட்டிருக்கிறாள். "இல்லைங்க மேடம். உலை தெரிஞ்சவங்க இருக்காங்க, லேத் தெரிஞ்சவங்க இருக்காங்க. ஆளைத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான்." அக்கா என்ற பாசத்தில் உளறுகிறான் என்று அதையும் ஒதுக்கிவிட்டாள். தன்னை அந்த ஐந்து பேரில் ஒருத்தியாக அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சலிக்கிறவள் சல்லடைக்குள் விழலாமா என்பாள்.

பிறகு அவள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது. யார் யார் தம்பி பெயரைச் சொன்னார்களோ அவர்களையெல்லாம் ஜால்ரா என்று தள்ளினாள். சொல்லாதவர்கள் சொற்பம். அந்தச் சொற்பம் பேர்தான் முகத்துக்கு அஞ்சாதவர்கள், நேர்மையானவர்கள் என்று முடிவு கட்டினாள். அவர்களிலிருந்து ஐந்து பேரை எடுத்தாள். விற்பனைத் தலைவர் ஒருவர். அவருக்கு நான் வைத்த பெயர் வாய்ப்பந்தல். பேச ஆரம்பித்தால் அப்படியே நிழல் விழும், மழை வந்தால் ஒன்றும் நிற்காது. இன்னொருவர் கொள்முதல்காரர். மற்ற மூவரும் அவர்கள் இருவருக்கும் தலையாட்டுகிறவர்கள். இவர்கள் ஏன் அவன் பெயரைச் சொல்லவில்லை என்று அவள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். கூட்டத்துக்குக் கூட்டம் அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இவர்கள்தான். மட்டமான பித்தளையை வாங்கப் பார்த்து அவனால் முடியாமல் போனவர் அந்தக் கொள்முதல்காரர். இதெல்லாம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே பேசிய சமாசாரம். அவளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அந்தச் சமயத்தில் அவள் பயத்துக்குத்தான் காது இருந்தது, வேறு எதற்கும் இல்லை.

முதலாளி பெயர்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டாராம்.

"உன் தம்பி?"

"வேண்டாங்க சார். நாளைக்கு நாலு பேர் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுவாங்க."

"பேசினா பேசட்டுமேம்மா."

"அவனுக்குக் கோபம் ஜாஸ்தி சார். அஞ்சு பேரோட ஒத்துப் போக மாட்டான்."

அவர் வாக்குக் கொடுத்தபடி மேற்கொண்டு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. அவர் போன துக்கத்தில் என் மனைவி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. என் மைத்துனன் உலையை ஒருநாள் அணைத்து வைத்தான். வாய்ப்பந்தல் இரங்கல் கூட்டத்தில் நன்றாகப் பேசினார்.

பதவி கிடைக்கவில்லை என்று என் மைத்துனன் முகம் சுளித்ததே இல்லை. கல்யாணமாகித் தனியாகப் போன பிறகும் ஞாயிறு தவறாமல் வருகிறவன், அந்த வாரமும் வழக்கம்போல் வந்தான். அக்கா தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். பேச்சுவாக்கில், "அந்த அஞ்சு பேர் என்னைக் கட்டிப் போடப் பார்ப்பாங்க, நீ நடுவுல வராதே" என்று மட்டும் சொன்னான்.

கட்டிப் போடவில்லை, அடிமடியிலேயே கை வைத்தார்கள். வார்ப்பு வேலையை வெளியே கொடுத்தால் செலவு பாதியாகும் என்று வாய்ப்பந்தல் திரை போட்டுப் படம் காட்டினார். கூட்டத்தில் மைத்துனன் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினான். ஐந்து பேரும் அவன் முடிக்கிற வரை மரியாதையாக உட்கார்ந்திருந்துவிட்டு, வார்ப்புப் பிரிவை மூடுவதாக முடிவு செய்தார்கள். ஆட்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டியது யார்? ஆளெடுப்பு மேடம்தான். எடுத்த கையாலேயே அனுப்ப வேண்டும்.

அவள் அறைக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். அன்றைக்கு டீ இல்லை. கடைசியாகத் தம்பி வந்தான். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, இதுவரை சொன்னதில்லை. அவன் "சரிங்க மேடம்" என்று எழுந்து வந்துவிட்டானாம்.

நான் அவளை அழைத்துப் போகக் கம்பெனி கேட்டுக்கு எதிரே ஸ்கூட்டரோடு நின்றிருந்தேன். மைத்துனன் வெளியே வந்தான், தோளில் பழைய தோல் கையுறை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தான். அவன் பின்னாலேயே அவள் ஓடி வந்தாள். அந்த கேட்டில் அவள் ஓடி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காவலாளி எழுந்தே நின்றுவிட்டான்.

"தம்பி! நில்லுடா!"

அவன் நின்று திரும்பினான். "சொல்லுங்க மேடம்."

"கேட்டுக்கு வெளியதானேடா நிக்கறோம்."

"எனக்கு அது சரியாத் தெரியல மேடம்" என்றான். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

அதோடு ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன. அவன் குடும்பத்தோடு ஊரின் இன்னொரு கோடிக்குக் குடிபோனான். அவன் பெண் பிறந்தநாளுக்கு இவள் போனபோது நாற்காலி போட்டு உட்கார வைத்து, "மேடத்துக்குத் தண்ணி கொடு" என்று மனைவியிடம் சொன்னானாம். அந்தப் பெண் குழந்தை சிரித்திருக்கிறது, அப்பா விளையாடுகிறார் என்று. இவள் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தாள். பிறகு போகவில்லை.

வெளியிலிருந்து வாங்கிய வார்ப்பில் குழாய்கள் கழுத்திலேயே விரிசல் விட்டன. வீடுகளுக்குள் தண்ணீர் பீறிட்டது. கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். கையைத் தூக்கி "அது சரிப்படாதுங்க" என்று சொல்ல அந்த மேஜையைச் சுற்றி ஒருவரும் இல்லை. ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ரொம்ப ஒற்றுமையாகக் கம்பெனியை மூழ்கடித்தார்கள். வாய்ப்பந்தல் நேரம் பார்த்து வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டார். கேட்டுக்குப் பூட்டு விழுந்தது.

பூட்டுவதற்கு முன்னால், சாமான்களை எடுத்துக்கொள்ள எல்லோரையும் ஒருநாள் உள்ளே விட்டார்கள். செக்கிங் அம்மா தன் பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு என் மனைவி அறைக்கு வந்தாள். நான் மூட்டை தூக்க வந்தவன், அங்கேதான் நின்றிருந்தேன்.

"ஒண்ணு கேட்கணும் மேடம். அன்னிக்கு நான் உங்க தம்பி பேரைச் சொன்னேனே, அதை நீங்க ஏன் எடுத்துக்கல?"

கட்டிக்கொண்டிருந்த மூட்டையை என் மனைவி கீழே வைத்தாள்.

"உங்களைக் குளிப்பாட்டச் சொன்னேன்னு நினைச்சீங்களா? எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. என்னை அத்தனை பேர் முன்னாடி அசிங்கப்படுத்தினவன். இன்னிக்கும் அவன்கிட்ட பேச மாட்டேன். ஆனா நீங்க கேட்டது எனக்கு யாரைப் பிடிக்கும்னு இல்லையே. யார் உட்கார்ந்தா தூக்கம் வரும்னுதானே கேட்டீங்க?"

பையை எடுத்துக்கொண்டு அந்த அம்மா போய்விட்டாள். என் மனைவி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். நான் எழுப்பப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

அதன் பிறகு அவள் வீட்டை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. எங்கே போனாலும் அவள் சலித்து எடுத்த முகங்கள். மருந்துக்கடையில் பில் போடுகிறவர் முன்னாள் ஸ்டோர்காரர். ஆட்டோ ஓட்டுகிறவன் பாலிஷ் போட்டவன். மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு பெண், இப்போது மூட்டை தூக்கிப் பிழைக்கிறவள், தெருவில் மறித்துக் கேட்டாள்: "எடுத்தவங்களும் நீங்கதான், அனுப்பினவங்களும் நீங்கதான். இப்ப எங்கே போகச் சொல்றீங்க?" என் மனைவி திரும்பி வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள். ராத்திரி பகல் தெரியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவளிடம் போய், 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லவா முடியும்?

போன வாரம் மைத்துனன் என் கடைக்கு வந்தான். வீட்டுக்கு இல்லை, கடைக்கு. எங்கேயோ ஒரு சின்னப் பட்டறையில் கூலிக்கு வார்க்கிறானாம். தலை பாதி நரைத்திருந்தது.

"கிட்டப் பார்வை மங்குது மாமா. பாருங்க."

உட்கார வைத்து ஒரு கண்ணை மூடினேன். தெரியாத எழுத்தைத் தெரியவில்லை என்றே சொன்னான். இத்தனை வருஷக் கடையில் அப்படிச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே, எனக்குத் தாங்காமல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். எல்லோரும் உன் பெயரைத்தான் சொன்னார்கள், ஐஸ் வைக்கிறார்கள் என்று அவள் தப்பாக எடுத்துக்கொண்டாள் என்று.

"தெரியும் மாமா. அன்னன்னிக்குச் சாயந்திரமே கேன்டீன்ல எல்லாரும் சொல்லிட்டாங்க."

"அப்போ ஏன்டா இன்னும் அவமேல கோபம்?"

"கோபம் இல்ல மாமா." லென்ஸ் மாற்றிப் பார்க்க நான் மாட்டிவிட்ட இரும்புச் சட்டத்தை மூக்கில் சரிசெய்துகொண்டே பேசினான். "எல்லாரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டாளே, அந்தக் கேள்வியை அவகிட்ட யாராவது கேட்டாங்களா? என்கிட்ட கேட்டா, நான் அவ பேரைச் சொன்னேன். அவகிட்ட கேட்டிருந்தா யார் பேரைச் சொல்லியிருப்பா? ஊர்ல பேச்சு வரும்னு பயந்து என்னை எடுக்காம விட்டிருந்தா பரவால்ல. இவன் லாயக்கில்லைன்னு நிஜமாவே நினைச்சிருந்தா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியல. இப்பத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது, விடுங்க."

கண்ணாடி மறுநாள் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்தேன். அவள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். விளக்கைப் போட்டேன். அவன் வந்ததைச் சொல்லவில்லை. எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

"முதலாளி நாற்காலி காலியா இருந்து, உன்னைக் கேட்டிருந்தா, யார் உட்கார்ந்தா நீ நிம்மதியாத் தூங்கியிருப்பே?"

ஒரு நொடிகூட எடுக்கவில்லை. "தம்பிதான்" என்றாள். "இதென்ன கேள்வி? அவன் லாரியை மறிச்ச அன்னிக்கே தெரியும் எனக்கு."

அவன் வந்ததையும் கேட்டதையும் அப்போது சொன்னேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"நாளைக்குக் கண்ணாடி வாங்க வருவான். சொல்லட்டுமா?" என்றேன்.

"வேண்டாங்க."

"ஏன்?"

"எல்லாம் போன பிறகு, நாற்காலியே இல்லாதப்ப, உன்னைத்தான்டா நினைச்சேன்னு சொல்லி அனுப்பினா என்ன நினைப்பான்? சமாதானம் பண்ண ஐஸ் வைக்கறேன்னுதான் நினைப்பான். நான் அத்தனை பேரையும் நினைச்சேனே, அந்த மாதிரி." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் கையை விடவில்லை. கடைசியில் சத்தியம் பண்ணினேன்.

மறுநாள் அவன் வந்தான். கண்ணாடியைப் போட்டுவிட்டேன். அட்டையில் இருந்த பொடி எழுத்தையெல்லாம் கடகடவென்று படித்தான். அப்புறம் அட்டையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். நான் வீட்டுக்குப் போயிருப்பேன், கேட்டிருப்பேன் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

"மூக்குல அழுத்துதா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா" என்றான். கண்ணாடி டப்பாவை எடுத்துக்கொண்டு, "மேடத்தைக் கேட்டதாச் சொல்லுங்க" என்று படியிறங்கிப் போனான்.